எஸ்எல்ஆர் கேமராவில் ஆட்டோஃபோகஸ் தேர்வு: ஒரு விமர்சன நோக்கு

ஆட்டோஃபோகஸ் என்பது கேமராவே லென்ஸின் உள்ளுறுப்புகளை நகர்த்தி, படமெடுக்கப்படும் பொருளைக் கூர்மையாக்கும் ஏற்பாடு ஆகும். ஒற்றை லென்ஸ் ரிஃப்ளெக்ஸ் கேமராக்களில், அதாவது எஸ்எல்ஆர் வகையில், 1980களின் நடுவில் பரவத் தொடங்கிய இந்த வசதி, பத்தாண்டுக்குள் கைமுறை ஃபோகஸை ஏறக்குறைய ஓரங்கட்டியது. இன்று பழைய டிஜிட்டல் எஸ்எல்ஆர் ஒன்றை வாங்கிப் பழகத் தொடங்கும் மாணவர் எவரும், லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பி ஃபோகஸ் செய்வதைப் பெரும்பாலும் கற்பதில்லை. அவர் கற்க வேண்டியது வேறொன்று: இயந்திரத்திடம் எதை ஒப்படைப்பது, எதைத் தன்னிடமே வைத்துக்கொள்வது என்பது.

திருமணத்தில் தாலி கட்டும் நொடியை எண்ணிப் பார்க்கலாம். கேமரா ‘பீப்’ என ஒலிக்கிறது, படம் விழுகிறது. பின்னர் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், அட்சதை தூவ முன்னால் நீண்ட ஒரு கைதான் கூர்மையாக இருக்கிறது. மணமக்கள் முகம் மங்கியிருக்கிறது. அந்த நொடி திரும்ப வராது. ‘லென்ஸ் சரியில்லை’ என்று படமெடுத்தவர் முடிவு செய்வார். புதிய லென்ஸுக்குச் செலவும் செய்வார். ஆனால் கேமரா பழுதின்றித்தான் வேலை செய்தது. எதன்மீது ஃபோகஸ் செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்லப்படவில்லை. ஆகவே அருகில் இருந்ததை எடுத்துக்கொண்டது.

ஆட்டோஃபோகஸ் முறைகளைப் பற்றிய பெரும்பாலான விளக்கங்கள் அவற்றை ஒரு பட்டியலாக அடுக்குகின்றன. எது எங்கே தோற்கும் என்பதைச் சொல்வதில்லை. அந்தக் குறையை முன்வைத்து, முறைகளை ஒவ்வொன்றாக மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று தனித்தனிக் கேள்விகள்

கேமரா மெனுவிலும் கையேட்டிலும் ஆட்டோஃபோகஸ் ஒரே தலைப்பின் கீழ் வருவதால், அது ஒரே தேர்வு என்று தோன்றுகிறது. உண்மையில் மூன்று தேர்வுகள் அதில் கலந்துள்ளன.

முதலாவது, எப்போது வரை ஃபோகஸ் செய்வது என்பது. ஒருமுறை செய்து நிறுத்திக்கொள்வதா, படம் எடுக்கும்வரை தொடர்ந்து செய்துகொண்டிருப்பதா? கேனான் இவற்றை ஒன் ஷாட், ஏஐ சர்வோ என்றும், நிகான் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-சி என்றும் அழைக்கின்றன.

இரண்டாவது, எங்கே ஃபோகஸ் செய்வது என்பது. வியூஃபைண்டரில் தெரியும் புள்ளிகளில் ஒன்றை நாமே தேர்வதா, ஒரு குழுவைத் தேர்வதா, எல்லாவற்றையும் கேமராவிடம் விட்டுவிடுவதா?

மூன்றாவது, எந்தப் பொத்தானால் அதைத் தொடங்குவது என்பது. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியா, பின்புறமுள்ள தனிப் பொத்தானாலா?

இம்மூன்றில் முதலாவதும் மூன்றாவதும் பழக்கத்தைச் சார்ந்தவை. இரண்டாவதுதான் படத்தின் பொருளைத் தீர்மானிப்பது. எந்த முகம், எந்தக் கண், எந்தக் கை என்பது படமெடுப்பவரின் கருத்து. தூரத்தை அளப்பதில் இயந்திரம் மனிதனைவிடச் சிறந்தது. ஆனால் கருத்து அதற்குக் கிடையாது. ‘எப்படி’ என்பதை இயந்திரத்திடம் கொடுக்கலாம், ‘எங்கே’ என்பதைக் கூடியவரை கையில் வைத்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. இதற்கு விலக்குகளும் உண்டு. அவை கீழே வருகின்றன.

ஒற்றைப் புள்ளியின் மரபு

1981இல் வெளியான பென்டாக்ஸ் எம்இ-எஃப், ஆட்டோஃபோகஸ் வசதியுடன் விற்பனைக்கு வந்த தொடக்ககால எஸ்எல்ஆர்களுள் ஒன்று. ஃபோகஸ் மோட்டார் அதன் தனிச்சிறப்பு லென்ஸுக்குள் இருந்தது. 1983இல் நிகான் எஃப்3ஏஎஃப் வந்தது. இரண்டும் பரவலாகப் பயன்பாட்டுக்கு வரவில்லை. 1985இல் வந்த மினோல்டா 7000, ஃபோகஸ் உணரியையும் மோட்டாரையும் கேமரா உடலுக்குள்ளேயே வைத்து வணிக வெற்றி கண்டது. இந்தத் தொழில்நுட்பத்தின் காப்புரிமை தொடர்பாக ஹனிவெல் நிறுவனம் தொடுத்த வழக்கில், 1992இல் மினோல்டா 12.75 கோடி டாலர் கொடுக்க நேர்ந்தது. ஆட்டோஃபோகஸ் எவ்வளவு பெரிய சொத்தாகக் கருதப்பட்டது என்பதற்கு அந்தத் தொகையே சான்று.

மினோல்டா 7000இல் ஃபோகஸ் செய்யும் இடம் ஒன்றே ஒன்று; அது சட்டகத்தின் நடுவில் இருந்தது. ஆகவே பொருள் ஓரத்தில் வர வேண்டுமென்றால், முதலில் நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, பொத்தானைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பிச் சட்டகத்தை அமைக்க வேண்டியிருந்தது. ‘பூட்டித் திருப்புதல்’ என்று இதைச் சொல்லலாம். கருவியின் குறையிலிருந்து பிறந்த இந்தப் பழக்கம், பின்னர் புள்ளிகள் பெருகியபோதும் ஒரு விதியைப் போலக் கற்பிக்கப்பட்டது.

புள்ளிகள் மெல்லத்தான் பெருகின. 1992இல் வந்த கேனான் ஈஓஎஸ் 5இல் 5 புள்ளிகள் இருந்தன. எந்தப் புள்ளியைப் பயன்படுத்துவது என்பதைப் படமெடுப்பவரின் விழி அசைவைக் கண்டு தேரும் ஏற்பாடும் அதில் இருந்தது. 1998இல் ஈஓஎஸ் 3இல் புள்ளிகள் 45 ஆயின. டிஜிட்டல் காலத்தில் நிகான் டி3 (2007) 51 புள்ளிகளுடனும், கேனான் 5டி மார்க் 3 (2012) 61 புள்ளிகளுடனும், நிகான் டி5 (2016) 153 புள்ளிகளுடனும் வந்தன.

விளம்பரங்கள் இந்த எண்களையே முன்னிறுத்தின. ஆனால் எண்ணிக்கை இரண்டு உண்மைகளை மறைக்கிறது. முதலாவது, முழுச்சட்டக எஸ்எல்ஆர்களில் இந்தப் புள்ளிகள் பெரும்பாலும் நடுப்பகுதியிலேயே நெருக்கமாக அமைந்துள்ளன. ஓரங்களில் புள்ளியே இல்லை. இரண்டாவது, எல்லாப் புள்ளிகளும் ஒரே தரத்தவை அல்ல. நிகான் டி3இன் 51இல் 15 மட்டுமே குறுக்கு வகை. டி5இன் 153இல் 99 குறுக்கு வகை. மாணவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கேனான் 1300டி, 1500டி ஆகியவற்றின் 9 புள்ளிகளில் நடுப்புள்ளி ஒன்றே குறுக்கு வகை.

கண்ணாடிக்குப் பின்னால் நடப்பது

குறுக்கு வகை என்றால் என்ன என்பதை அறிய, எஸ்எல்ஆர் எவ்வாறு தூரத்தை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். லென்ஸ் வழியே வரும் ஒளியின் பெரும்பகுதியை முதன்மைக் கண்ணாடி மேலே வியூஃபைண்டருக்கு அனுப்புகிறது. அதன் நடுப்பகுதி ஓரளவு ஒளி ஊடுருவும் தன்மை கொண்டது. அதைக் கடக்கும் ஒளியைப் பின்னாலுள்ள சிறு துணைக்கண்ணாடி ஒன்று கீழே, கேமராவின் அடிப்பகுதியில் உள்ள உணரிக்கு அனுப்புகிறது. அங்கே லென்ஸின் இரு எதிரெதிர் ஓரங்கள் வழியே வந்த ஒளி இரண்டு பிம்பங்களாக விழுகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு, லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதைக் கேமரா ஒரே அளவீட்டில் கணக்கிட்டுவிடும். கட்ட ஒப்பீட்டு முறை எனப்படும் இதுவே எஸ்எல்ஆரின் வேகத்துக்குக் காரணம்.

ஒவ்வோர் உணரியும் ஒரு கோடு. கோட்டுக்குக் குறுக்கே வரும் வேறுபாட்டை மட்டுமே அது காணும். கோட்டின் திசையிலேயே ஓடும் வரிகளைக் காணாது. ஜன்னல் பலகைகள், சேலையின் கிடைக்கோடுகள் போன்றவற்றில் ஒரு புள்ளி தடுமாறுவதற்கு இதுவே காரணம். குறுக்கு வகைப் புள்ளியில் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டுவதால் இரு திசைகளும் தெரியும். ஓரப்புள்ளி தடுமாறினால் கேமராவைச் சற்றுச் சாய்த்து ஃபோகஸ் செய்து பின் நேராக்குவது பலன் தரும் எளிய வழி.

இரண்டு தவறான எண்ணங்களையும் இங்கே திருத்திக்கொள்ளலாம். அபெர்ச்சரை எஃப் 8 என்று வைத்தால் இருட்டில் ஃபோகஸ் கடினமாகும் என்று சிலர் கருதுகின்றனர். அளவிடும்போது லென்ஸ் முழுதாகத் திறந்தே இருக்கும். படம் விழும் நொடியில்தான் சுருங்கும். ஆகவே பொருட்படுத்த வேண்டியது லென்ஸின் உச்சத் திறப்பு. பெரும்பாலான உணரிகள் எஃப் 5.6 வரை வேலை செய்யும்படி அமைக்கப்பட்டவை. கேமராவுடன் வரும் 18-55 மி.மீ. லென்ஸ் 55 மி.மீ.இல் அந்த எல்லையில்தான் நிற்கிறது. அடுத்து, வியூஃபைண்டரில் தெரியும் சிறு சதுரம் உணரியின் உண்மையான அளவு அன்று. உணரி பெரும்பாலும் சதுரத்தைவிடப் பெரியது. கண்ணின்மீது சதுரத்தை வைத்தாலும், பக்கத்திலுள்ள மூக்குத்தியோ புருவமோ அதிக வேறுபாடு காட்டினால் கேமரா அதைப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

ஒருமுறை, தொடர்ச்சி, இடைநிலை

ஒருமுறை ஃபோகஸ் அசையாத பொருளுக்கு உரியது. ஃபோகஸ் கிடைத்ததும் பூட்டிக்கொள்ளும். ‘பீப்’ என ஒலிக்கும். பொதுவாக ஃபோகஸ் கிடைக்காமல் ஷட்டர் விழாது. இதன் பெரிய வலிமை நம்பகம். இருட்டான மண்டபங்களில் இன்னொரு நன்மையும் உண்டு. ஃபிளாஷ் அலகிலிருந்து வரும் சிவப்பு உதவி ஒளி கேனான், நிகான் இரண்டிலும் ஒருமுறை ஃபோகஸில்தான் எரியும். தொடர் ஃபோகஸில் எரியாது. மங்கிய வெளிச்சத்தில் தொடர் ஃபோகஸை வைத்துக்கொண்டு ‘ஃபிளாஷ் உதவவில்லை’ என்று வருந்துவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இதன் பலவீனம் அந்த ‘பீப்’ ஒலி தரும் போலி உறுதி. தேர்ந்த புள்ளியின் கீழ் ஏதோ ஒன்று கூர்மையானது என்பதே அதன் பொருள். வேண்டியது கூர்மையானது என்பதன்று. மேலும், பூட்டிய பின் பொருள் நகர்ந்தால் இம்முறை அதை அறியாது. 85 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, முழுச்சட்டகக் கேமரா, 3 மீட்டர் தூரம் என்று கொண்டால், கூர்மையாகத் தெரியும் பகுதியின் தடிமன் ஏறத்தாழ 13 செ.மீ. நம்மை நோக்கி நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஓடிவரும் குழந்தை, கண்ணாடி மேலெழுந்து ஷட்டர் திறக்கும் நேரத்தை நொடியின் 20இல் ஒரு பங்கு எனக் கொண்டாலும், அதற்குள் 15 செ.மீ. வந்துவிடும். விரல் எவ்வளவு விரைவாக இருந்தாலும் பயனில்லை.

தொடர் ஃபோகஸின் சிறப்பு இங்கேதான். அது பொருளின் வேகத்தைத் தொடர்ந்து அளந்து, ஷட்டர் திறக்கும்போது அது எங்கே இருக்கும் என்று முன்கூட்டிக் கணித்து லென்ஸை நகர்த்துகிறது. ஆனால் இம்முறையில் ‘பீப்’ ஒலி இல்லை. பல கேமராக்களில் தொடக்க அமைப்பின்படி ஃபோகஸ் கிடைக்காவிட்டாலும் ஷட்டர் விழும். அசையாத பொருளை எடுக்கும்போதும் லென்ஸ் சிறிது முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கலாம். ஆகவே ‘தொழில்முறையாளர் எப்போதும் தொடர் ஃபோகஸ்தான் வைப்பார்’ என்ற அறிவுரையை அப்படியே ஏற்க இயலாது.

மூன்றாவதாக ஓர் இடைநிலை உண்டு. கேனானில் ஏஐ ஃபோகஸ், நிகானில் ஏஎஃப்-ஏ. பொருள் அசையாவிட்டால் ஒருமுறை, அசைந்தால் தொடர்ச்சி என்று கேமராவே மாறிக்கொள்ளும் என்பது இதன் வாக்குறுதி. தொடக்கநிலைக் கேமராக்களில் இதுவே முன்னமைப்பாக வருவதும் உண்டு. கேட்பதற்கு நன்றாக இருக்கும் இம்முறைதான் மூன்றிலும் குறைந்த நம்பகம் உடையது. பொருள் அசைந்தது என்று கேமரா உணர்வதற்குள் முதற்படம் போய்விடலாம். பூட்டித் திருப்பும்போது கேமராவின் அசைவையே பொருளின் அசைவாகக் கருதி, பூட்டைக் கழற்றிப் பின்னணியில் ஃபோகஸ் செய்துவிடவும் கூடும். எந்த நேரத்தில் எந்த முறை இயங்குகிறது என்று படமெடுப்பவருக்கே தெரியாத நிலை இது. பழகுபவர் தம் தவறைக் கண்டு திருத்திக்கொள்வதற்கு அது வழிவிடாது என்பதே இதன்மீதான முதன்மைக் குற்றச்சாட்டு.

எங்கே ஃபோகஸ் செய்வது

எல்லாப் புள்ளிகளையும் கேமராவிடம் விடும் முறையில், எஸ்எல்ஆர்கள் பொதுவாக அருகில் இருப்பதற்கும் அதிக வேறுபாடு காட்டுவதற்கும் முன்னுரிமை தருகின்றன. மண்டபத்தில் அட்சதைக் கையும் பட்டுச்சேலைச் சரிகையும் முகத்தை வெல்வதற்குக் காரணம் இதுதான். ஆயினும் இம்முறையை முற்றாக ஒதுக்குவது நியாயமன்று. வெறும் வானத்தில் பறக்கும் பறவைக்கு முன்னால் வேறெதுவும் இல்லை. அங்கே ‘அருகில் இருப்பது’ என்ற விதியும் ‘வேண்டியது’ என்ற கருத்தும் ஒன்றாகிவிடுகின்றன. அத்தகைய இடத்தில் ஒற்றைப் புள்ளியைப் பறவைமீது நிறுத்த முயல்பவரைவிட, கேமராவிடம் விட்டவர் அதிகப் படங்களைப் பெறலாம்.

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளலாம். ஏரியின்மேல் பறந்து வரும் மஞ்சள்மூக்கு நாரைக்குப் பல புள்ளிகள் சேர்ந்த முறை பொருந்தும். அதே நாரை மரத்தில் இறங்கிக் கிளைகளுக்கு நடுவே கூட்டில் நின்றவுடன் அம்முறை தோற்றுவிடும்; முன்னால் உள்ள குச்சியே கூர்மையாகும். அப்போது ஒற்றைப் புள்ளி ஒன்றே வழி. பறவை அதே பறவை. மாறியது அதற்கும் நமக்கும் இடையிலுள்ள வெளி. பல வழிகாட்டிகள் ‘பறவைக்கு இது, விளையாட்டுக்கு அது, திருமணத்துக்கு மற்றது’ என்று பொருளை வைத்து முறையைப் பரிந்துரைக்கின்றன. முன்னால் என்ன தடை இருக்கிறது, பின்னணி எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்த்துத் தேர்வதே சரியான அளவுகோல்.

இரண்டுக்கும் நடுவில் குழு முறைகள் உள்ளன. நாம் தேரும் புள்ளியைச் சுற்றியுள்ள சிலவற்றைத் துணைக்கு வைப்பது நிகானின் டைனமிக் முறையும் கேனானின் புள்ளி விரிவாக்கமும். ஆடும் நடனக் கலைஞரின் முகம் ஒற்றைப் புள்ளியிலிருந்து கணப்பொழுது விலகினாலும் பக்கத்துப் புள்ளி தாங்கிக்கொள்ளும். ‘எங்கே’ என்பது நம் கையில் இருக்க, சிறு பிழையை மட்டும் இயந்திரம் பொறுத்துக்கொள்ளும் ஏற்பாடு இது. அசையும் மனிதர்களைப் படமெடுக்க ஒரே ஒரு முறையைப் பரிந்துரைக்க வேண்டுமென்றால், தொடர் ஃபோகஸுடன் இதைச் சொல்லலாம்.

நிகானின் 3டி பின்தொடர்தல், தேர்ந்த பொருளின் நிறத்தை ஒளியளவு உணரியின் உதவியால் நினைவில் வைத்து, சட்டகத்துக்குள் அது எங்கே சென்றாலும் புள்ளியை மாற்றிக்கொண்டு தொடரும். பச்சைத் திடலில் சிவப்புச் சட்டையணிந்த ஆட்டக்காரருக்கு இது அருமையாக உதவும். பதினொருவரும் அதே சிவப்பை அணிந்திருந்தால் புள்ளி அடுத்தவர்மீது தாவக்கூடும். வெண்கொக்குகளின் கூட்டத்தில் ஒரு கொக்கைத் தொடர முயன்றாலும் இதே நிலைதான்.

பூட்டித் திருப்பும் வழக்கு

நடுப்புள்ளியில் பூட்டித் திருப்பும் முறையைப் பற்றி இரு கட்சிகள் உண்டு. ‘அது பிழையானது, ஓரப்புள்ளியையே தேர வேண்டும்’ என்பது ஒன்று. ‘நாற்பது ஆண்டுகளாகப் பயன்படுகிறது, ஒரு குறையும் இல்லை’ என்பது மற்றொன்று. கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டுமே பாதி உண்மை.

லென்ஸின் கூர்மைத் தளம் ஏறத்தாழ ஒரு தட்டையான பலகை போன்றது. நடுவில் ஃபோகஸ் செய்துவிட்டுக் கேமராவைத் திருப்பும்போது அந்தப் பலகையும் சேர்ந்து திரும்புவதால், பொருளுக்குப் பின்னால் போய்விடுகிறது. முழுச்சட்டகக் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், எஃப் 1.8, பொருள் 1 மீட்டர் தூரம் என்று கொள்வோம். செங்குத்துப் படத்தில் முகத்தை மேற்பகுதிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 13.5 பாகை திருப்பினால், தளம் 2.8 செ.மீ. பின்னால் நகர்கிறது. அந்தத் தூரத்தில் கூர்மைப் பகுதியின் மொத்தத் தடிமன் சுமார் 4.3 செ.மீ.; ஒரு பக்கத்துக்கு 2.1 செ.மீ. மட்டுமே. கண் கூர்மைக்கு வெளியே போய்விட்டது, காது கூர்மையாகும்.

அதே அமைப்பில் பொருள் 2 மீட்டர் தூரம் சென்றால் பிழை 5.5 செ.மீ. ஆகிறது. ஆனால் தடிமன் 17 செ.மீ. ஆகிறது, ஒரு பக்கத்துக்கு 8.6 செ.மீ. இப்போது கண் உள்ளே வந்துவிட்டது. பிழை தூரத்தோடு நேர்விகிதத்தில் வளர்கிறது. கூர்மைத் தடிமனோ தூரத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. ஆகவே அண்மையில், பெரிய திறப்பில், அதிகமாகத் திருப்பும்போது மட்டுமே பூட்டித் திருப்புதல் தீங்கானது. முழு உருவப் படத்திலும் எஃப் 5.6இல் எடுக்கும் படத்திலும் அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மங்கிய ஒளியில் ஓரத்துக் கோட்டுப் புள்ளி தடுமாறுவதைவிட, நடுக் குறுக்குப் புள்ளியில் பூட்டிச் சிறிது திருப்புவதே மேல். விதியைப் பின்பற்றுவதற்கு முன், அந்த விதி எந்தத் தூரத்துக்கு எழுதப்பட்டது என்று கேட்பது நல்லது.

பின்பொத்தான்

ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்துப் பின்புறப் பொத்தானுக்கு மாற்றும் வழியை 1989இல் கேனான் ஈஓஎஸ் 630 கொடுத்தது. தொடர் ஃபோகஸை வைத்துக்கொண்டு, கட்டைவிரலை அழுத்தினால் தொடர்ச்சி, எடுத்தால் பூட்டு என்று ஒரே அமைப்பில் இரண்டு முறைகளையும் பெறலாம். ஓடிக்கொண்டிருப்பவர் திடீரென நின்றாலும் மெனுவைத் தேட வேண்டியதில்லை. நம் கேள்விகளில் ‘எப்போது வரை’ என்பதற்கான விடை விரலுக்கே வந்துவிடுகிறது.

இதை ஒரு மதமாக்கியோரும் உளர். விரலை எடுத்தபின் பொருள் சிறிது முன்சாய்ந்தாலும் கேமரா அறியாது. பழகாதவர் கேமராவை வாங்கி ஒரு படம் எடுத்தால் அது மங்கலாகவே இருக்கும். அவசரத்தில் கட்டைவிரலை அழுத்த மறப்பதும் உண்டு. பழகிய கைக்கு இது நல்ல கருவி. முதல் வாரத்தில் உள்ள மாணவருக்கு இன்னொரு சுமை.

நேரடிக் காட்சியும் கைமுறையும்

பின்திரையில் படத்தைப் பார்த்து எடுக்கும் நேரடிக் காட்சியில் கண்ணாடி மேலேயே இருப்பதால், அடிப்பகுதி உணரிக்கு ஒளி போகாது. அப்போது பெரும்பாலான எஸ்எல்ஆர்கள் படம் பதியும் உணரியிலேயே வேறுபாட்டை அளந்து, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி உச்சத்தைத் தேடுகின்றன. இது மெதுவானது, அசையும் பொருளுக்கு ஏற்றதன்று. 2013இல் வந்த கேனான் 70டி, பட உணரியின் ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிரித்து அங்கேயே கட்ட ஒப்பீடு செய்து இந்தக் குறையைப் பெரிதும் போக்கியது. எனினும் மெதுவான முறைக்கும் ஒரு சிறப்பு உண்டு: படம் பதியும் இடத்திலேயே அளப்பதால் இருவேறு உணரிகளுக்கு இடையிலான பொருத்தப் பிழைக்கு அங்கே வாய்ப்பில்லை. ஓலைச்சுவடி, நாணயம், சிற்பம் போன்றவற்றை முக்காலியில் வைத்து ஆவணப்படுத்துவோர் அனைவரும் இதையே பயன்படுத்தலாம்.

கைமுறை ஃபோகஸைப் பற்றிய ஏக்கக் குரல்களில் ஒன்று மறைகிறது. பழைய கேமராக்களின் வியூஃபைண்டர் திரையில் பிம்பத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டும் ஆடி இருந்தது. ஆட்டோஃபோகஸ் கேமராக்களின் திரையில் அது பொதுவாக இல்லை. ஆகவே பெரிய திறப்பில், வியூஃபைண்டர் வழியே, கண்ணை மட்டும் நம்பிக் கையால் ஃபோகஸ் செய்வது இன்றைய எஸ்எல்ஆரில் மிகக் கடினம். நேரடிக் காட்சியில் பெரிதாக்கிப் பார்த்துச் செய்வதே பொருத்தமானது.

பிழை யாருடையது

இதுவரை கூறியவற்றால் எல்லாப் பிழையும் படமெடுப்பவருடையது என்று கொள்ளக் கூடாது. கட்ட ஒப்பீட்டில் துணைக்கண்ணாடி, கீழ் உணரி, பட உணரி மூன்றும் துல்லியமாகப் பொருந்த வேண்டும். 2007இல் வெளியான கேனான் 1டி மார்க் 3 கேமராவின் தொடர் ஃபோகஸ் பற்றிப் புகார்கள் எழுந்தன. நிறுவனமே துணைக்கண்ணாடிக் குறையை ஒப்புக்கொண்டு சரிசெய்து கொடுத்தது. அதே ஆண்டில் அந்தக் கேமராவிலும் நிகான் டி3, டி300 ஆகியவற்றிலும், ஒவ்வொரு லென்ஸுக்கும் ஃபோகஸை நுட்பமாகத் திருத்தும் வசதி இருந்தது. தொடக்கநிலைக் கேமராக்களில் இது பொதுவாக வழங்கப்படவில்லை. விலை குறைந்த கேமராவை வாங்குபவருக்குப் பிழையைத் தாமே திருத்தும் வழி மறுக்கப்பட்டது என்பது நிறுவனங்கள்மீது வைக்கத்தக்க நியாயமான குறை.

பிழை எங்கே என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கேமராவை முக்காலியில் வைத்து, நேராக நிற்கும் அச்சிட்ட தாள் ஒன்றில் நடுப்புள்ளியால், ஒருமுறை ஃபோகஸில், லென்ஸின் முழுத் திறப்பில் பல படங்கள் எடுக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மீண்டும் செய்ய வேண்டும். பின் நேரடிக் காட்சியில் அதையே எடுத்து ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் கருவியில் குறையில்லை. தேர்வு முறையையே ஆராய வேண்டும். வியூஃபைண்டர் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் பொருத்தப் பிழை. சேவை மையத்தை நாடலாம். புதிய லென்ஸுக்குப் பணம் சேர்ப்பதற்கு முன் இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவது தகும்.

முடிவு

கேனானின் 1டி எக்ஸ் மார்க் 3, நிகானின் டி6 ஆகிய இரண்டும் 2020இல் வந்தன. அதன்பின் இவ்விரு நிறுவனங்களின் கவனம் கண்ணாடியற்ற கேமராக்களின் பக்கம் சென்றுவிட்டது. அவற்றில் கேமராவே முகத்தையும் கண்ணையும் அடையாளம் கண்டு தொடர்கிறது. ‘எங்கே’ என்ற கேள்வியும் இயந்திரத்திடம் போய்விட்டதே, எஸ்எல்ஆர் பாடம் இனி எதற்கு என்று கேட்கலாம்.

கண்ணைக் கண்டறிவது வேறு. எவருடைய கண் என்று தீர்மானிப்பது வேறு. தாலி கட்டும் நொடியில் சட்டகத்துக்குள் மணமகன், மணமகள், பின்னால் கண் கலங்கி நிற்கும் தாய் என மூவர் இருந்தால், அந்தப் படம் எவரைப் பற்றியது என்பதை எந்த உணரியும் சொல்லாது. எஸ்எல்ஆரின் ஒற்றைப் புள்ளி, ஒவ்வொரு படத்துக்கு முன்பும் அந்தக் கேள்விக்கு விடை சொல்லும்படி படமெடுப்பவரைக் கட்டாயப்படுத்துகிறது. பழைய கருவி கையில் உள்ள மாணவர், ஒரு மாதமாவது ஒற்றைப் புள்ளியை மட்டும் பயன்படுத்திப் பழகிவிட்டு, அதன்பின் குழு முறைக்கும் தொடர் ஃபோகஸுக்கும் செல்வது நல்லது. எதை இயந்திரத்திடம் விடலாம் என்பதை, விடாமல் இருந்து பார்த்தவரே சரியாகத் தீர்மானிக்க முடியும்.